காலை எடுங்க, எடைக்காரரே

ராவென்ஸ்பர்க், 20 பிப்ரவரி 1963

தங்கச்சி ஸிட்டாவுக்கு அண்ணன் லூட்விக் சொல்லச் சொல்ல மருமகள் அகாத்தா எழுதுவது. இங்கே எல்லோரும் இருமிக்கொண்டாவது நடமாடுகிறோம். உன் முழங்கால் வலி இறங்கியதா, மகள் லீனி வேலைக்குப் போகிறாளா என்று முதலில் எழுது.

இது எந்த வருஷம் என்று பின்னால் யாராவது கேட்டால் இப்படிச் சொல்: ஹாம்பர்க்கில் வெள்ளம் உன் வீட்டுக்குள் புகுந்து அலமாரியைத் தூக்கிப்போனதே, அதற்கு அடுத்த வருஷம். கான்ஸ்டன்ஸ் ஏரி கரைக்குக் கரை உறைந்து, ஜனங்கள் கையை வீசிக்கொண்டு சுவிட்சர்லாந்துக்கு நடந்துபோன வருஷம். புனித ஜானின் சிலையைப் பனிக்கட்டி மேல் ஊர்வலமாகத் தூக்கிவந்த மாதம். அந்த மாதத்தில்தான் நான் ஹெர்ட்டெலைப் பிடித்தேன்.

ஆமாம், வில்லிபால்ட் ஹெர்ட்டெல். அந்தக் காலத்தில் மாட்டுச்சந்தை எடைமேடையில் உட்கார்ந்திருந்தவன். பிறகு, என்னை அடைத்துவைத்திருந்த ஸ்டைன்ரீட் முகாமுக்குக் கமாண்டன்ட் ஆனவன். செத்துப்போனான் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தவன்.

ஊர்வலம் பார்க்க நானும் போயிருந்தேன். கரையில் ஒரே கூட்டம். பனிக்கட்டி உடைந்துவிடுமோ என்று ஒருவருக்கும் கவலையில்லை, ஒருவனைத் தவிர. கையில் கோலோடு நின்று கத்திக்கொண்டிருந்தான். "கனமானவங்க இடது பக்கம்! ஒல்லியானவங்க வலது பக்கம்! தள்ளாதீங்க!" முகத்தை நான் பார்க்கவில்லை. குரலிலேயே முதுகெலும்பு நிமிர்ந்துவிட்டது. இருபது வருஷமாக அந்தக் குரலில் வலது, இடது என்று கேட்டதில்லை.

பக்கத்தில் போய் நின்றேன். என் வயிற்றைக் கோலால் தட்டினான். "ஏய் பெரியவரே, நீங்க ரெண்டு ஆள் எடை. இடது பக்கம் போங்க!"

"இப்போதான் ரெண்டு ஆள் எடை, ஐயா. உங்ககிட்ட இருந்தப்போ அரை ஆள்தான்"னு சொன்னேன்.

அவனுக்குப் புரியவில்லை. ஆனால் கோல் கீழே இறங்கியது.

விசாரித்தேன். ஊரில் அவன் பெயர் ஹெர்ட்லைன். தோட்டக்காரர் சங்கத் தலைவர். நேராகப் போலீஸுக்குப் போனேன். அங்கே இருந்த பையன் பேனாவை நீட்டி, "எழுதிக் குடு"ன்னான். எழுதத் தெரியாது என்றேன். "ஜிப்ஸிக்கு எழுதத் தெரியாது, ஆளை மட்டும் தெரியுமாக்கும்"ன்னான். நாங்க ஸின்டி இனம், தம்பி என்று திருத்திவிட்டு, அவன் மேலதிகாரி வரும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மேலதிகாரி வந்தார். மறுநாள் ஹெர்ட்டெலைக் கூட்டிப்போனார்கள்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல். முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடு.

உன் அண்ணன்.


ஹாம்பர்க், 11 மார்ச் 1963

அண்ணனுக்கு ஸிட்டா எழுதுவது. கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நாற்பது வயதில் கற்ற எழுத்து. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. லீனி சோப்புத் தொழிற்சாலையில் வேலையாயிருக்கிறாள். அகாத்தாவுக்கு என் முத்தம்.

உன் கடிதம் வந்தது. பிடித்தாயா, சரி. பிடித்ததோடு விடு. அவன் ஆட்கள் இன்னும் ஊரெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள், அண்ணே. தோட்டக்காரர் சங்கத்தில், போலீஸில், கோர்ட்டில். உனக்கு அறுபத்தெட்டு வயது.

இங்கே மழை. ஒரு தொட்டி ரோஜா வைத்திருந்தேன், பனியில் கருகிவிட்டது. வேறு விசேஷம் இல்லை. இருமலுக்குத் தேனும் வெங்காயமும் எடுத்துக்கொள்.

ஸிட்டா.


ராவென்ஸ்பர்க், 9 ஜூன் 1963

தங்கச்சிக்கு. இருமல் போய்விட்டது. வெங்காயம்தான் காரணம் என்று அகாத்தா சொல்கிறாள், ஹெர்ட்டெல் உள்ளே இருப்பதுதான் காரணம் என்று நான் சொல்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

அரசு வக்கீல் என்னைக் கூப்பிட்டனுப்பினார். யெஸ்ஸென் என்று பெயர், வடக்கத்திக்காரர், மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. "அந்த ஆளோட வாழ்க்கையை ஆரம்பத்திலேர்ந்து சொல்லுங்க"ன்னார். சொன்னேன். இரண்டு நாள் சொன்னேன். தட்டச்சு செய்த பெண் விரலை உதறிக்கொண்டே இருந்தாள்.

முதலில் நீலத் தொப்பியும் எடைமேடையும். முப்பத்திமூன்றில் தொப்பி போய்க் கைப்பட்டை வந்தது. யூத வியாபாரிகளின் மாட்டை எடைபோட மாட்டேன் என்று மேடைக்குக் குறுக்கே காலை அகட்டி நின்றான். எத்தனையோ வருஷமாக அவனுக்குச் சந்தையில் பீர் வாங்கிக் கொடுத்த வியாபாரிகள் அவர்கள். அதுதான் அவன் ஏறிய முதல் படி. அடுத்து வடக்கே சதுப்பு நிலத்து முகாமில் காவல்காரன். அடுத்து ஒரு கொட்டடிக்குப் பொறுப்பு. மேயர் மகளைக் கட்டினான். கழுத்துப்பட்டையில் ஒரு நட்சத்திரம், பிறகு இரண்டு. போலந்துக்குப் போய்விட்டு வந்தபோது கூட ஒரு கார், ஒரு நாய். நாற்பத்திரண்டில் ஸ்டைன்ரீட் கல்குவாரி முகாம் முழுக்க அவன் கையில்.

மேலிடத்துக்கு அவனை ஏன் பிடித்தது என்று யெஸ்ஸென் கேட்டார். கொடூரக்காரன் என்பதால் இல்லை, தம்பி, அவர்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை. இவன் எதையும் எடைபோடுவான். கல்லை எடைபோடுவான், ரொட்டியை எடைபோடுவான், ஆளை எடைபோடுவான். போன மாதத்தைவிட எடை குறையாதவன் சாப்பாடு திருடுகிறான் என்று அவன் ரொட்டியைப் பாதியாக வெட்டுவான். பெர்லினிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்து அவன் தராசைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

போரில் தோற்றதும் சீருடையை எரித்தான். ஒரு பண்ணையில் சாணி அள்ளினான். பெயரில் நாலு எழுத்தை மாற்றினான். இப்போது வருஷா வருஷம் கண்காட்சியில் பூசணிக்காய்க்கு எடை பார்த்துப் பரிசு கொடுப்பவன் அவன்தான். இதைச் சொன்னபோது யெஸ்ஸென் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஆனால் சிக்கல் ஒன்று இருக்கிறது. "சட்டப்படி இப்போ கொலை ஒண்ணுதான் மிச்சம், ஸ்பிண்ட்லர் ஐயா. அடிச்சது, பட்டினி போட்டதெல்லாம் காலாவதி ஆயிடுச்சு."

"பால் மாதிரியா?"

"பால் மாதிரிதான். அவன் தன் கையாலே கொன்ன ஒரு ஆள் வேணும். பெயரோட வேணும்."

குவாரியில் நடந்தது ஒன்று இருக்கிறது. நான் பக்கத்தில் நின்றேன். தூரத்திலிருந்து ஹென்ட்ரிக் என்ற டச்சுக்காரரும் பார்த்திருக்கிறார். நான் ஒரு பெயரைச் சொல்லிக் கத்தியது அவர் காதில் விழுந்திருக்கிறது. அவர் அதை வாக்குமூலத்தில் சொல்லிவிட்டார். அதே பெயரை நானும் கோர்ட்டில் என் வாயால் சொன்னால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சொல்லாவிட்டால், இவன் பார்த்தது வேறு, அவன் பார்த்தது வேறு என்று எதிர் வக்கீல் பிய்த்துவிடுவான். யாரும் எனக்கு எடுத்துக்கொடுக்கக் கூடாது. நானேதான் சொல்ல வேண்டும்.

நான் எப்படிச் சொல்வேன்? போனவர்களின் பெயரை நம் வாயில் எடுப்பதில்லை. நம் அப்பாவின் பெயரை நான் சொல்லி முப்பது வருஷம் ஆகிறது. இதை யெஸ்ஸெனிடம் சொன்னேன். தலையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெயரைச் சொல்ல அனுமதி தரக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். அவள் ஹாம்பர்க்கில் இருக்கிறாள். அவள் கணவன் எப்படிப் போனான் என்று என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவளிடம் என் கேள்வி போய்ச் சேரட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடி.

அண்ணன்.


ராவென்ஸ்பர்க், 18 ஆகஸ்ட் 1963

தங்கச்சிக்கு. போன கடிதம் வந்து சேர்ந்ததோ என்னவோ. நாங்கள் சௌக்கியம். உனக்கு முடியவில்லையா? முடியவில்லை என்றால் லீனியாவது ஒரு வரி போடலாமே. இந்த வருஷம் செர்ரி நன்றாகக் காய்த்தது. உருளைக்கிழங்குதான் சுமார். அவ்வளவுதான்.

அண்ணன்.

(அத்தை, இது நான் அகாத்தா. மாமா தினமும் தபால்காரரை வழிமறிக்கிறார். நேற்று அவர் சைக்கிளை விட்டு இறங்காமலே "இல்லைங்க, இல்லைங்க" என்று கத்திக்கொண்டே போனார்.)


ஹாம்பர்க், 22 செப்டம்பர் 1963

அண்ணனுக்கு. நான் சௌக்கியம். பிளம் பழம் மலிவாகக் கிடைத்தது, ஜாம் காய்ச்சினேன். லீனி முழுகாமல் இருக்கிறாள், ஜனவரியில் பிரசவம். மருமகன் கப்பலில் சுமை இறக்குகிறான். நல்ல பையன், குரல்தான் பெரிசு. ராத்திரி குளிர ஆரம்பித்துவிட்டது. அகாத்தாவுக்குக் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறேன், கால் அளவு அனுப்பு.

நீ கேட்டது வந்து சேர்ந்தது.

ஸிட்டா.


ராவென்ஸ்பர்க், 27 அக்டோபர் 1963

தங்கச்சிக்கு. கால் அளவை நூலில் எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். லீனியைக் கனமாக எதையும் தூக்க விடாதே. ஆட்டுப்பால் கிடைத்தால் கொடு.

பழைய சான்சலர் ஒருவழியாக நாற்காலியை விட்டு இறங்கிவிட்டார், கேட்டாயா? எல்லோரும் இறங்கும் காலம் போலிருக்கிறது. நம்மவன் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறான். தோட்டக்காரர் சங்கம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்திருக்கிறது: "எங்கள் தலைவர் ஒரு பூச்செடியைக்கூட மிதிக்காதவர்." மார்ச்சில் விசாரணை. பெயர் கிடைக்காவிட்டால் வசந்தத்தில் அவன் வீட்டுக்குப் போய் ரோஜாவுக்கு உரம் போடுவான். யெஸ்ஸென் இதை மறைக்காமல் சொல்லிவிட்டார்.

உன்னை நெருக்கவில்லை. வேறொன்று ஞாபகம் வந்தது, அதைச் சொல்கிறேன். நீயும் சிரிப்பாய். இருபத்தொன்பதில் நடந்தது. உங்கள் கல்யாணத்துக்கு முந்தின மாதம் என்பதால் நீ அங்கே இல்லை. மச்சான் ஒரு பழுப்புக் குதிரையை வாங்கினான். எடைக்குத்தான் விலை. ஹெர்ட்டெல் எடை சொன்னான். கொழுத்த எருதுக்குக் கூட அந்த எடை வராது, இதுவோ எலும்பும் தோலுமான குதிரை. மச்சான் குனிந்து பார்த்தான். எடைமேடையின் ஓரத்தில் ஒரு பளபளப்பான பூட்ஸ். சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி, மரியாதையாக, தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னான்: "காலை எடுங்க, எடைக்காரரே. அதையும் சேத்து வாங்கினா எங்க வீட்ல வைக்க இடமில்ல."

மாட்டுக்காரர்கள் சிரித்தார்கள், கசாப்புக்காரர்கள் சிரித்தார்கள், பாதிரியார் சிரித்தார். அடுத்த வாரம் முழுக்க ஹெர்ட்டெல் போகிற இடமெல்லாம் பிள்ளைகள் "காலை எடுங்க"ன்னு கத்தினார்கள். ஒரு சந்தையையே சிரிக்க வைத்த ஆளைக் கட்டிக்கொண்டவள் நீ. அதை மட்டும் மறக்காதே.

அண்ணன்.


ஹாம்பர்க், 2 பிப்ரவரி 1964

அண்ணனுக்கு ஸிட்டா. உட்கார்ந்துகொண்டு கேள். அகாத்தா, மெதுவாகப் படி.

போன மாதம் இருபதாம் தேதி லீனிக்கு ஆண் குழந்தை. இருவரும் நலம். நான்கு கிலோ. அப்பனைப் போலவே குரல்.

நேற்று ஞானஸ்நானம். பாதிரியார் பெயர் கேட்டார். லீனி என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன். இருபது வருஷமாகத் தூக்கத்தில்கூட வராத பெயர், தண்ணீர் மாதிரி வந்தது.

இங்கே ஒரே ரகளை. என் மாமியார் கிழவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஸிட்டா! பைத்தியமா உனக்கு? போனவன் பெயரை வெச்சா போனவன் வந்து நிப்பான்டீ!"

"வரட்டும். கட்டில்ல இடம் இருக்கு"ன்னேன்.

பாதிப் பேர் விருந்து சாப்பிடாமலே போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு இரண்டு பங்கு கேக் கிடைத்தது.

அண்ணே, இனிமேல் அது போனவர் பெயர் இல்லை. கையை முறுக்கிக்கொண்டு பால் கேட்கிற ஒருவனுடைய பெயர். உயிரோடு இருப்பவன் பெயரைச் சொல்ல யாரைக் கேட்க வேண்டும்? கோர்ட்டில் கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சொல். சொல்லிவிட்டு வந்து எனக்கு எழுது, குவாரியில் என்ன நடந்தது என்று. இப்போது கேட்கிறேன். ஒன்றையும் விடாதே.

காலுறை தனிப் பொட்டலமாக வரும்.

ஸிட்டா.


ராவென்ஸ்பர்க், 21 மார்ச் 1964

தங்கச்சிக்கு. காலுறை சரியாக இருக்கிறது. பிள்ளைக்கு உரை மருந்து கொடுக்காதே, அது அந்தக் காலம். டாக்டரிடம் காட்டு. இப்போது கேள்.

கோட்டு இரவல், டை இரவல், ஷூ மட்டும் என்னுடையது. கூண்டில் ஹெர்ட்டெல். சாம்பல் நிறச் சூட்டு, மடியில் கை, மாதா கோயிலுக்கு வந்தவன் மாதிரி முகம். தலைமை நீதிபதி கேட்டார், "இந்த ஆளைத் தெரியுமா?" தெரியும் என்றேன். அவன், "இவரை நான் பாத்ததே இல்ல. குவாரிப் பக்கமே நான் போனதில்ல. எனக்கு ஆபீஸ் வேலை"ன்னான்.

எதிர் வக்கீல் எழுந்தார். மூக்குக்கண்ணாடி, வெண்ணெய் தடவின குரல். "சாட்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேதி தெரியாது. செத்தவரோட பேராவது தெரியுமா?"

"செத்தவங்க பேரைச் சொல்ற வழக்கம் எங்ககிட்ட இல்லைங்க"ன்னேன். அவர் கையை விரித்துக்கொண்டு ஜனங்களைப் பார்த்துச் சிரித்தார். யெஸ்ஸென் முகம் வெளுத்துவிட்டது. அனுமதி வந்ததை வேண்டுமென்றேதான் நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. முன்கூட்டித் தெரிந்தால் சொல்லிக்கொடுத்தார் என்பார்களே.

"ஆனா ஹாம்பர்க்ல என் தங்கச்சி பேரன் ஒருத்தன் இருக்கான், ரெண்டு மாசம். அவன் பேரும் அதே பேர்தான். அவன் பேரைச் சொல்றேன்"ன்னேன். சொன்னேன். நீ சொன்ன மாதிரியே, ஓடு பிய்கிற மாதிரி. பின்வரிசையில் டச்சுக்காரர் ஹென்ட்ரிக் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நீதிபதி தன் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

எதிர் வக்கீல் விடவில்லை. "அந்தப் பெயர் முகாமில் பத்துப் பேருக்கு இருந்திருக்கலாம். இத்தனை ஆயிரம் பேரில் ஒரு ஜிப்ஸியை மட்டும் கமாண்டன்ட் எதற்காகத் தேடிப்போய்க் கொல்லணும்?"

நல்ல கேள்வி என்று நீதிபதியும் என்னைக் கேட்டார். நான் சந்தைக் கதையைச் சொன்னேன். உனக்கு எழுதினேனே, அப்படியே சொன்னேன். குதிரை, பூட்ஸ், தொப்பியைக் கழற்றினது, எல்லாம். சந்தைக் கதையோடு நிறுத்திக்கொண்டேன். "அதையும் சேத்து வாங்கினா எங்க வீட்ல வைக்க இடமில்ல" என்றதும் கோர்ட்டில் ஒருவர் குபீரென்றார். பிறகு எல்லோரும். காவலுக்கு நின்ற போலீஸ்காரன் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டான்.

ஹெர்ட்டெலின் கழுத்து சிவந்தது, காது சிவந்தது. சட்டென்று எழுந்தான். "பொய்! என் தராசு ஒரு கிராம் தப்பினதில்ல! எங்க வேணும்னாலும் கேளுங்க! அந்தப் பயல் ரெண்டு தடவையும் இதே பொய்யைத்தான் சொன்னான்!"

வக்கீல் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தார். முடிந்துபோயிற்று.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். மெதுவாகக் கேட்டார், "முதல் தடவை சந்தையில. ரெண்டாவது தடவை எங்கே, ஹெர்ட்டெல்?"

ஹெர்ட்டெல் வக்கீலைப் பார்த்தான், வக்கீல் மேசையைப் பார்த்தார். நீதிபதி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க." சொன்னேன். நீயும் கேட்டாய் அல்லவா, உனக்கும் சொல்கிறேன்.

குவாரியில் ஒரு எடைமேடை போட்டிருந்தான். நாங்கள் தூக்கிவந்த கல்லை அதில் இறக்க வேண்டும். குறைந்தால் அடி. அன்றைக்கு அவனே வந்தான். மச்சான் கல்லை இறக்கினான். பெரிய கல். "குறையுது"ன்னான் ஹெர்ட்டெல். அப்போதுதான் மச்சானின் முகத்தைப் பார்த்தான், அடையாளம் கண்டுகொண்டான். சிரித்தான். பூட்ஸை எடுத்து மேடையின் அடிப்பக்கம் கொடுத்து, எல்லோரும் பார்க்கவே, மேலே நெம்பினான். முள் இறங்கியது. "இப்போ சொல்லுடா பாப்போம்"ன்னான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வெறும் அடி உதையோடு போயிருக்கும். ஸிட்டா, அவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட உனக்கு அதிகம் தெரியும். தலையில் தொப்பி இல்லை. இருந்தாலும் கழற்றுகிற மாதிரி கையைத் தூக்கினான். "காலை எடுங்க, எடைக்காரரே." பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த இடத்தில், அந்த நிலைமையில், மனிதர்கள் சிரித்தார்கள். ஹெர்ட்டெல் துப்பாக்கியை எடுத்தான். ஒரே குண்டு. நான் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மச்சான் கீழே விழுவதற்கு முன்பே அவனுக்கு எல்லாம் முடிந்திருந்தது. வலி தெரிந்திருக்காது. முகத்தில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

ஒன்றையும் விடவில்லை. சூடாக ஏதாவது குடித்துவிட்டுப் படு.

அண்ணன்.


ஹாம்பர்க், 5 ஏப்ரல் 1964

அண்ணனுக்கு. பிள்ளை நலம், ஐந்தரைக் கிலோ. இங்கே யாரும் அவனைத் தராசில் வைக்க நான் விடவில்லை, டாக்டரைத் தவிர.

படித்தேன். முதலில் தனியாக. பிறகு எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சத்தமாக. விருந்தை விட்டு எழுந்துபோன மாமியார் கிழவியும் வந்தாள். "காலை எடுங்க" வந்ததும் கிழவிதான் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு மறுபடி படிக்கச் சொன்னாள். தன் மகனைப் பற்றி அவள் காது கேட்டு இருபது வருஷம் ஆகிறதே. காபி மூன்று பானை தீர்ந்தது.

இத்தனை வருஷம் நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. அவர் கெஞ்சியிருப்பார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு போய்விட்டது. முழங்கால்கூட லேசாக இருக்கிறது.

தீர்ப்பு வந்ததும் தந்தி கொடு. இல்லை, வேண்டாம். கடிதமே எழுது. உன் வாயால் கேட்க வேண்டும்.

ஸிட்டா.


ராவென்ஸ்பர்க், 29 மே 1964

தங்கச்சிக்கு. எல்லோரும் சௌக்கியம், அதுவும் எப்படிப்பட்ட சௌக்கியம்!

ஆயுள் தண்டனை. நீதிபதி எழுந்து நின்று படித்தார்: ஒரு சிரிப்புக்காக வஞ்சம் வைத்துக்கொன்றது கொலை, கொலை இன்னும் காலாவதியாகவில்லை. ஹெர்ட்டெல் உட்கார்ந்தே கேட்கப் பார்த்தான். "எழுந்திருங்க"ன்னார் போலீஸ்காரர். எடைமேடை, கைப்பட்டை, நட்சத்திரம், கார், நாய், பூசணிக்காய், அத்தனையும் ஏறி வந்தவன் கடைசியில் ஏறியது கம்பி போட்ட வண்டி. படியில் கால் வைக்கத் தயங்கினான். கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். என்ன கத்தினார்கள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

யெஸ்ஸென் என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு ஹென்ட்ரிக், யெஸ்ஸென், நான் மூவரும் ஒரு கடையில் உட்கார்ந்து பன்றித்தொடை வறுவல் சாப்பிட்டோம். ஹென்ட்ரிக் பில்லைப் பார்க்கக்கூட விடவில்லை.

வெளியே ஒரு பத்திரிகைக்காரப் பெண் பிடித்துக்கொண்டாள். "ஸ்பிண்ட்லர் ஐயா, உங்க குடும்பத்தில எத்தனை பேரை அவங்க கொன்னாங்க? பேர் சொல்ல முடியுமா?"

"அவங்க பேரைச் சொல்ல மாட்டேன். அது பெரிய கூட்டம்"ன்னேன். "அவங்களால முடிக்க முடியாதவங்க பேரைச் சொல்றேன், எழுதிக்கோ."

அவள் பேனாவைத் திறந்தாள். நான் விரலை மடக்கினேன். லூட்விக், அது நான். என் மகன் அன்டோன். அவன் பெண்டாட்டி அகாத்தா, வெளியிலிருந்து வந்தவள், ஆனாலும் எங்கள் ஆள். உன் மாமியார் கிழவி பார்பெல், யார் சொன்னாலும் சாக மாட்டேன் என்கிறவள். தங்கச்சி ஸிட்டா. அவள் மகள் லீனி.

"அவ்வளவுதானா?"ன்னாள்.

"இரும்மா, இன்னும் ஒருத்தன் பாக்கி"ன்னேன். எழுத்துக்கூட்டிச் சொல்லத் தெரியாததால் மூன்று தரம் சொன்னேன், அவள் சரியாக எழுதும்வரை:

ஃபிங்கோ.